நேப்பிள்ஸில் ஒரு டைக் கடை

“வேட்டி கட்டுகிற மனுஷனுக்கு டைக் கடையில் என்னய்யா வேலை?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். இத்தாலிக்குப் போய்விட்டு வந்தவன் மாதா கோயில்களைப் பற்றி எழுதலாம், சித்திரங்களைப் பற்றி எழுதலாம், ஒன்றும் தோன்றாவிட்டால் வெஸூவியஸ் எரிமலையைப் பற்றியாவது எழுதலாம். நானோ நேப்பிள்ஸ் நகரத்தில் எனக்குக் கிடைத்த மூன்று நாட்களில் ஒரு பிற்பகல் முழுவதையும் ஒரு டைக் கடையில் கழித்துவிட்டு வந்திருக்கிறேன். போனது வேடிக்கை பார்க்கத்தான். ஆனால் வெளியே வரும்போது, இருபது வருஷமாக நான் எழுதியும் பேசியும் வந்த ஓர் அபிப்பிராயத்தை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வர நேர்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் டையின் மேல் எனக்கு இருந்த விரோதத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் டை என்பது யாரும் ஆசைப்பட்டு அணிகிற வஸ்து அல்ல. பள்ளிக்கூடத்துக் குழந்தை கட்டுகிறது. அதன் முடிச்சை முன்னாலேயே போட்டு, எலாஸ்டிக்கில் கோத்து விற்கிறார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி கட்டுகிறார். டாக்டர் வீட்டு வாசலில் சித்திரை வெயிலில் நிற்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். கல்யாண ரிஸப்ஷனில் மாப்பிள்ளை கட்டுகிறார். அன்றைக்குக் கட்டியதோடு சரி. மூன்றிலும் பிறத்தியாருடைய உத்தரவு இருக்கிறது. 2014ல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்துக் கிளப் ஒன்றில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியுடன் போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்துவிட்டார்கள். வேட்டிக்கு இடம் கொடு என்று அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டமே செய்ய வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊரிலிருந்து போகிறவன் டையை எதிராளியின் கொடி மாதிரி பார்ப்பதில் அதிசயம் இல்லை.

நேப்பிள்ஸில் அது அப்படி இல்லை. அங்கே ஒரு நல்ல சங்கீதக்காரரைப் பற்றி நாம் பேசுகிற தோரணையில் டை தைப்பவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். இத்தாலியர் டைக்குச் சொல்லும் பெயர் ‘கிராவத்தா’. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னரின் கூலிப் படையில் சேர்ந்திருந்த குரோவாட் இனத்துச் சிப்பாய்கள் கழுத்தில் முடிந்துகொண்டு வந்த துண்டிலிருந்து அந்தப் பெயர் வந்தது. சிப்பாயின் கழுத்துத் துணி அரசவைக்குப் போய், அங்கிருந்து காரியாலயத்துக்கு வந்து, கடைசியில் நம் குழந்தைகளின் கழுத்தில் எலாஸ்டிக்காக முடிந்தது என்றால், அதன் முந்நூற்றுச் சொச்சம் வருஷத்துச் சரித்திரத்தைச் சொல்லி முடித்தாயிற்று.

ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த கடை மரினெல்லா. கடற்கரையை ஒட்டிய ரிவியேரா தி கியாயா வீதியில் 1914ல் யூஜெனியோ மரினெல்லா என்பவர் அதைத் திறந்தார். கடையின் விஸ்தீரணம் இருபது சதுர மீட்டர். நம் கணக்கில் இருநூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. ஆரம்பத்தில் இங்கிலாந்துச் சாமான்களை விற்ற கடை அது. பின்னால் டையினால் பிரசித்தி அடைந்தது. டைக்கு வேண்டிய அச்சிட்ட பட்டு இங்கிலாந்திலிருந்து வரும். 1994ல் ஏழு பணக்கார நாடுகளின் தலைவர்கள் நேப்பிள்ஸில் மகாநாடு கூடியபோது அவர்களுக்கு அந்தக் கடையின் டைகளைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கும்பல் இருந்தது. திருப்பதி லட்டுக்கு நிற்பதைப் போல ஜனங்கள் சாந்தமாக நின்றார்கள். பிரசித்தி பெற்ற இடத்தில் நிதானமாக ஒன்றையும் பார்க்க முடியாது. ஆகவே, நான் தங்கியிருந்த விடுதிக்காரர் சொன்ன இன்னொரு கடையைத் தேடிக்கொண்டு பின்பக்கத்துச் சந்துக்குள் போனேன்.

அந்தக் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. ஒரு வாசல், ஒரு ஜன்னல். ஆண்களுக்கான சட்டை, கைக்குட்டை, தோள்வார் எல்லாம் சுவர் அலமாரியில் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. மற்ற இடம் முழுவதும் டைக்குத்தான். நம் ஊர்ப் பழைய ஜவுளிக் கடைகளில் இருப்பது போல ஒரு பெரிய மரமேஜை. அதற்குக் கீழே உயரம் குறைந்த இழுப்பறைகள். டைகளைத் தொங்கவிடாமல் இழுப்பறையில் படுக்கவைத்திருந்தார். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். கழுத்தில் டை, டைக்கு மேல் அளவு நாடா. சந்துக் காப்பிக் கடையிலிருந்து ஒரு பையன் கொண்டுவந்து வைத்த, இரண்டு மடக்கு அளவே உள்ள காப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு, “உட்காருங்கள், தொத்தோரே” என்றார். மூக்குக் கண்ணாடி போட்ட யாரையும் அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். வாடிக்கைக்காரர்களிடம் பழகிக் கற்ற இங்கிலீஷில் அவரும், பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷில் நானும் பேசிக்கொண்டோம்.

நான் வாங்க வரவில்லை, எழுதுகிறவன், பார்க்க வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் பட்டு உண்டு, பட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டை எப்படி ஆகிறது என்பதை அவர் துணியும் கத்தரிக்கோலுமாகவே சொல்லிக் காட்டினார். பட்டை நேராக வெட்டுவதில்லை. பாவுக்கும் ஊடைக்கும் நடுவே 45 பாகை சாய்த்து வெட்டுகிறார்கள். ரவிக்கையின் கழுத்துக்குப் பட்டி வைக்க நம் தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று வெட்டுகிறார்களே, அதே வெட்டு. நேராக வெட்டிய துணி இழுத்தால் கொடுக்காது. சாய்த்து வெட்டியது இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். தினம் ஒரு முறை முடிந்து, இறுக்கி, மாலையில் அவிழ்க்கப்படுகிற வஸ்துவுக்கு இந்தக் குணம் வேண்டும். இப்படிச் சாய்த்து வெட்டி, மூன்று துண்டாக இணைத்துத் தைக்கும் முறைக்கு 1920களில் நியூயார்க் தையற்காரர் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் உரிமைப் பத்திரம் வாங்கினார். இன்று உலகத்தில் கட்டப்படும் நீள டைகளில் பெரும்பாலானவை அவர் வழியில் வந்தவைதான். சாய்த்து வெட்டினால் துணி நிறைய வீணாகும். வீணானாலும் வேறு வழி இல்லை.

வெட்டிய பட்டுக்கு நடுவில் கம்பளித் துணி ஒன்றை வைத்து, இரண்டு பக்கத்தையும் முதுகுப் புறத்தில் மடித்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரே நூலில் நீள நீளமாகத் தைக்கிறார்கள். இரண்டு முனைகளுக்கு அருகிலும் ஒரு கெட்டித் தையல். நூலின் கடைசியில் கொஞ்சம் மிச்சம் விட்டு, ஒரு சின்ன வளையமாக உள்ளேயே தளர விட்டுவிடுகிறார்கள். ஏழு மடிப்பு டை என்று இன்னொரு ஜாதி உண்டு. அதில் பட்டையே உள்ளுக்குள் பலமுறை மடித்துக் கனம் உண்டாக்குகிறார்கள். சாதாரண டைக்கு ஆகிற பட்டைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு ஆகும். விலையும் அதற்குத் தக்கபடிதான்.

“டப்பாவின் மேல் ‘கையால் செய்தது’ என்று போட்டிருக்கிறீர்களே, இதில் எவ்வளவு கை?” என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் விஷமம் இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“பட்டு நூல் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. நெசவு கோமோவிலோ இங்கிலாந்திலோ, யந்திரத்தறியில். அச்சும் ஆலையில்தான், முன்பு மரக்கட்டையால் ஒற்றினார்கள், பிறகு திரை வைத்துப் பூசினார்கள், இப்போது யந்திரமே மையைத் தெளித்துவிடுகிறது. வெட்டுவது, மடிப்பது, தைப்பது மட்டும் கை. மற்றதையெல்லாம் யந்திரம் என்னைவிட நன்றாகச் செய்கிறது.”

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கைவேலை என்று சொன்னவுடனே யந்திரத்தைப் பழித்து நாலு வார்த்தை சொல்வது நம்மிடையே ஒரு சம்பிரதாயம். அவர் அதைச் செய்யவில்லை. எது எங்கே வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். நீளத் தையல் போடுவதற்கும் யந்திரம் உண்டே என்றேன். “உண்டு. பரவாயில்லாமல் போடும்” என்றார்.

பிறகு இழுப்பறையிலிருந்து நாலு டைகளை எடுத்தார். நாலும் ஒரே கருநீலம். ஒரே வெள்ளைப் புள்ளி. மேஜையின்மேல் நாலையும் குப்புறப் போட்டு, “பட்டு தெரிந்தவர் நீங்கள். நல்லதை எடுங்கள்” என்றார்.

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகில் வைத்துக் கசக்கிப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பரீட்சை அது. நல்ல பட்டு சரசரக்க வேண்டும். நாலும் சரசரத்தன. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, கடைசி அலசலில் கொஞ்சம் அமிலம் சேர்த்தால் எந்தப் பட்டும் அப்படிச் சத்தம் போடும் என்றார். சரி என்று தையலைப் பார்த்தேன். ஒன்று யந்திரத் தையல் என்று எனக்கே தெரிந்தது; தள்ளிவிட்டேன். மிச்சம் மூன்றில் இரண்டின் தையல் சற்று ஏறுமாறாக, அவசரமாகப் போட்டது போலக் கிடந்தது. மூன்றாவதில் தையல் முத்துக் கோத்த மாதிரி, ஒரே அளவாக, துணியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு சிரத்தை! யாரோ ஓர் ஏழை ஸ்திரீ மங்கிய விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட தையல் என்று மனசுக்குள் ஒரு சித்திரமும் எழுந்துவிட்டது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இதை நாளைக்குத் திருப்பி அனுப்பப் போகிறேன்” என்றார் அவர்.

அதில் என்ன குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் வாயால் சொல்லவில்லை. நான் தேர்ந்தெடுத்ததையும், ஏறுமாறாகத் தைத்த ஒன்றையும், என் கழுத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினார், நன்றாக இறுக்கினார், அவிழ்த்தார். பிறகு இரண்டையும் குறுகிய முனையில் பிடித்துத் தொங்கவிட்டார். ஏறுமாறானது ஒரு தரம் ஆடிவிட்டு நேராக நின்றது. நான் தேர்ந்தெடுத்தது முதுகில் சுருக்கம் விழுந்து, நுனி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. தையலை இறுக்கிவிட்டாள், பட்டு நீள்கிறபோது நூல் நீளவில்லை, ஆகவே இரண்டும் சண்டை போட்டுக்கொள்கின்றன. நூல் தளர்வாக இருந்தால் பட்டு போன இடத்துக்கெல்லாம் அதுவும் கூடப் போய்விட்டுத் திரும்பும். அதற்காகத்தான் கடைசியில் அந்த வளையத்தை மிச்சம் விடுவது. “அழகாகத் தைக்க வேண்டும் என்று நினைத்துவிட்டாள். புதிதாக வந்த பெண்” என்றார்.

கடைக்காரருக்கு இது ஒரு சின்ன சங்கதி. எனக்கு அப்படி இல்லை. விடுதிக்குத் திரும்பிப் போகும் வழியெல்லாம், நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். உழைப்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தைப் பாராட்டியிருக்கிறேன். அந்த உழைப்பு டைக்கு வேண்டுமா என்று கேட்கவே இல்லை. தைத்தவளின் கஷ்டத்தைக் கற்பனை செய்துகொண்டு, அந்தக் கற்பனைக்கு மார்க்குப் போட்டிருக்கிறேன். அவள் செய்த காரியத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பத்திரிகைக்காகக் கைத்தறியைப் பற்றி எழுதுவதற்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்கிற கோர்வைப் புடவை இரண்டை விரித்துப் போட்டார். கோர்வையில் உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற இடத்தில்தான் நெசவாளியின் திறமை எல்லாம் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். “இரண்டும் ரொம்ப அழகு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டும் அழகுன்னு சொல்றதுக்கு நீங்க எதுக்கு சார் மெட்ராஸ்லேருந்து வரணும்? ஒண்ணு நான் நெய்தது, ஒண்ணு என் பையன் நெய்தது. அவனோடது சேர்ற இடத்துல பிடிப்பு இல்லே. அத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. வர்றவங்க எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுட்டுப் போயிடறாங்க” என்றார்.

மனுஷர் கொஞ்சம் முன்கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கட்டுரையில் அந்தப் பேச்சைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக, அழிந்து வரும் கலை என்றும், வறுமையிலும் கைவிடாத பாரம்பரியம் என்றும், வாசகர்கள் ஆளுக்கொரு புடவை வாங்க வேண்டும் என்றும் எழுதினேன். நிறையப் பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தக் கட்டுரையை இப்போது எடுத்துப் படித்துப் பார்த்தேன். புடவையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நெசவாளியின் வறுமையைப் பற்றியும் என் நல்ல மனசைப் பற்றியும் மட்டும் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். கைவேலையைப் பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அனுதாபம். அனுதாபம் இருக்கிற இடத்தில் பரிசோதனை இருக்காது. இழவு வீட்டில் போய் யாரும் சமையலுக்குக் குற்றம் சொல்வதில்லை. கைத்தறியை நாம் எப்போதும் இழவு வீடாகவே பாவிக்கிறோம். ஆகையால் அங்கே போடப்படுவது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறோம். அப்படிச் சொல்வதனால் முதலில் நஷ்டப்படுகிறவர் யார்? நன்றாகச் செய்கிறவர்தான். அவருக்கும் அரைகுறையாகச் செய்கிறவருக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்களிடம் அவர் எதைக் காட்டி அதிக விலை கேட்பார்? இலக்கியத்திலும் இது நடக்கிறது. உள்ளத்திலிருந்து எழுதுகிறார், கஷ்டத்தில் எழுதுகிறார் என்று சொல்லிச் சொல்லியே, எப்படி எழுதுகிறார் என்று கேட்காமல் விட்டுவிட்ட புஸ்தகங்கள் எத்தனை! ஆனால் அது வேறு கட்டுரை.

தள்ளுபடி வேண்டாம், ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நெசவாளியின் வயிறு விமரிசகன் வந்து சேரும்வரை காத்திருக்காது. சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்யட்டும். எழுதுகிறவனுடைய வேலை தள்ளுபடி கொடுப்பது அல்ல என்பதுதான் என் கட்சி.

நேப்பிள்ஸ் கடைக்காரருக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மறுநாளும் போய் அவரையே கேட்டேன். ஜனங்கள் டை கட்டுவதை நிறுத்தியதால் வந்தது என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் விஷயம் இருக்கிறது. 2017ல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சபாநாயகர், உறுப்பினர்கள் டை இல்லாமலே எழுந்து பேசலாம் என்று சொல்லிவிட்டார். 2019ல் நியூயார்க்கின் பெரிய பாங்கியான கோல்ட்மன் ஸாக்ஸ் தன் சிப்பந்திகளின் உடை விதியைத் தளர்த்தியது. 2020ல் கொள்ளைநோய் வந்து காரியாலயங்களே மூடிக்கிடந்தன. 1818ல் ஆரம்பித்த ப்ரூக்ஸ் ப்ரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடவர் ஜவுளி நிறுவனம் அந்த ஆண்டு ஜூலையில் திவால் மனுக் கொடுத்தது. “முன்பெல்லாம் கட்டியே தீர வேண்டும் என்பதற்காக வாங்கினார்கள். சாவுக்குப் போகக் கறுப்பு, கல்யாணத்துக்கு வெள்ளி; மலிவாக எது இருக்கிறது என்று கேட்பார்கள். இப்போது பத்துப் பேர் வந்த இடத்தில் மூன்று பேர் வருகிறார்கள். அந்த மூன்று பேரும் முதுகைத் திருப்பிப் பார்க்கிறார்கள்” என்றார். உத்தரவு போய்விட்டது, இனிமேல் டை தன் யோக்கியதையினால் நிற்க வேண்டும். எனக்கும் டைக்கும் இருந்த பழைய விரோதம் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. யாரும் என்னைக் கட்டச் சொல்லாத டையை நான் தாராளமாக ரஸிக்கலாம்.

அந்தக் கடையில் எனக்குச் சம்மதமில்லாத ஒன்றும் இருந்தது. தைப்பவர்கள் எல்லாரும் பெண்கள். அவரவர் வீட்டில் வைத்துத் தைக்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. உள்ளே விடுகிற அந்த வளையத்தின் நூலுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்திருக்கிறார். பச்சை ஒருத்தி, சிவப்பு ஒருத்தி. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நினைத்தேன். எதற்கு நிறம் என்று கேட்டேன். கோளாறு இருந்தால் யாருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தெரிவதற்காம். டையின் வெளிமுதுகில் ஒரு சின்னப் பட்டுத் துண்டில் கடையின் பெயர் இருக்கிறது. தைத்தவளின் அடையாளம் உள்ளே மறைந்து, குற்றம் கண்டுபிடிக்க மட்டும் உதவுகிறது.

இது அந்த ஒரு கடையின் குணம் அல்ல. பட்டுத் தொழிலின் பழைய குணம். நேப்பிள்ஸுக்கு வடக்கே காஸெர்த்தாவுக்குப் பக்கத்தில் சான் லெயூச்சோ என்று ஓர் ஊர் இருக்கிறது. பூர்போன் வம்சத்து நான்காம் ஃபெர்டினாண்ட் 1778ல் அங்கே பட்டாலை ஏற்படுத்தினான். 1789ல் அங்கிருந்த நெசவாளிகளுக்கென்று தனியாக ஒரு சட்டமும் எழுதிக்கொடுத்தான். குழந்தைகள் கட்டாயம் படிக்க வேண்டும், அம்மை குத்திக்கொள்ள வேண்டும், வரதட்சணை கூடாது. அந்தக் காலத்துக்கு அபூர்வமான சட்டம். 1997லிருந்து யுனெஸ்கோவின் பட்டியலில் காஸெர்த்தா அரண்மனையோடு சேர்ந்து அந்த ஊரும் இருக்கிறது. ஆனால் நெசவாளிகளுக்காகக் கட்டத் திட்டமிட்ட நகரத்துக்கு ராஜா வைத்த பெயர் ஃபெர்டினாண்டோபோலி, தன்னுடைய பெயர். நெய்தவர்களின் பெயர் அதில் வரவில்லை. காஞ்சிபுரத்துப் புடவையின் டப்பாவிலும் கடை முதலாளியின் பெயர்தான் இருக்கிறது. பரிசோதித்துப் பாராட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். யாரைப் பாராட்டுவது? குற்றத்துக்கு மட்டும் முகவரி வைத்துக்கொண்டு, குணத்துக்கு முகவரி இல்லாமல் செய்துவிட்டால், பரிசோதனை வெறும் கங்காணி வேலையாகப் போய்விடும். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கினார். “நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், தொத்தோரே. ஆனால் பச்சை நூல்காரி எனக்கு மட்டுமே தைக்கிறாள். அவள் பெயர் வெளியே தெரிந்தால் பெரிய கடைக்காரன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்” என்றார். இவ்வளவு ஒளிவு மறைவில்லாமல் ஒரு முதலாளி பேசி நான் கேட்டதில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். அவர் கட்சியை ஏற்கவில்லை.

கிளம்புகிற சமயத்தில், முதல் நாள் நான் தேர்ந்தெடுத்த அந்த டையையே விலைக்குக் கேட்டேன். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பெட்டியிலிருந்து அதை எடுத்து, முனையிலிருந்த கெட்டித் தையலைக் கத்தரிக்கோல் நுனியால் வெட்டி, உள்ளேயிருந்த நூல் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஒரே நூல், முழுசாக வந்துவிட்டது. டை மேஜைமேல் திறந்துகொண்டு கிடந்தது. பட்டில் ஒரு காயம் இல்லை. அந்தப் பெண் நாளைக்கு வந்து மறுபடி தைப்பாள் என்றார்.

ஏறுமாறாகத் தைத்த மற்றொன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். நூறு யூரோவுக்கு மேல் ஆயிற்று. வீட்டில் விலையைக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். பச்சை நூல் வைத்தது. கட்டிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. காஞ்சிபுரத்து அந்த வீட்டுக்கு ஒரு முறை போய் வர வேண்டும். பெரியவர் இருக்கிறாரோ இல்லையோ; பையன் இருப்பான், இப்போது தறி அவனுடையதாக இருக்கும். இந்த டையை அவர்கள் முன்னால் குப்புறப் போட்டு, இதில் எது சரி, எது சரியில்லை என்று கேட்க வேண்டும். பிறகு, அவர்கள் சம்மதித்தால், புடவையையும் விரிக்கச் சொல்ல வேண்டும்.